பூஜையில் வைக்காத புத்தகம்

"தாயே, என்ர புஸ்தகத்தை ஒரு ஆளும் தொட மாட்டேங்கறாங்க."

சென்னியப்பன் இதைச் சொன்னபோது தாயம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கரடு. மலை என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும், அவ்வளவு உயரம்தான். அதன் அடியில் ஒரு மடம். மடத்துக்குத் தலைவி தாயம்மை. வயது நாற்பதைத் தாண்டி ரொம்ப நாளாகியிருக்காது. காவிச் சேலை, வெடுக்கென்ற பேச்சு. வருகிறவர்கள் எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். கறவை மாட்டையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அதனால் மடத்தில் ஒருவரை ஒருவர் சாமி என்றே அழைத்துக்கொண்டார்கள்.

சென்னியப்பனுக்கு அறுபது முடிந்துவிட்டது. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் ஊசி வாங்காத மாடு குறைவு. ஓய்வு பெற்ற கையோடு தாயம்மையிடம் வந்து சேர்ந்தார். காலையில் வந்தால் பொழுது சாய்கிறவரை மடத்தில்தான் இருப்பார். ஆசையை விட வேண்டும் என்றுதான் வந்தார். வந்த இடத்தில் ஒரு நாவல் எழுதிவிட்டார்.

நாவலின் பெயர் 'மயிலைக்காளை போன திசை'. சந்தையில் சாம்பல் வெள்ளைக் காளை ஒன்று காணாமல் போகிறது. ஒரு குடியானவன் அதைத் தேடிப் போகிறான். நடுவில் ஒரு தரகன் புகுந்து குட்டையைக் குழப்புகிறான். நன்றாக வந்திருக்கிறது என்று சென்னியப்பனே சொல்லிக்கொண்டார். வேறு யாரும் சொல்ல வழியில்லை. யாரும் படிக்கவில்லை.

"தொட மாட்டேங்கறாங்கன்னா?" என்றாள் தாயம்மை.

"மடத்துப் படிப்பறையில, உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கறனுங்க. வர்றவங்க அதைத் தாண்டிக் கையை நீட்டி, அக்கட்ட இருக்கறதை எடுத்துட்டுப் போறாங்க."

"ம்."

"பேரு தெரியாத ஆளு எழுதினா ஆருமே படிக்க மாட்டாங்களாங்க?"

தாயம்மை ஒரு அவரைக்காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே புழு. தூரப் போட்டாள்.

"நாளைக்குப் படிப்பறையில உக்காருங்க சாமி. ஆரு என்னத்தை எடுக்கறாங்க, எதுக்கு எடுக்கறாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"அவங்ககிட்டக் கேக்கலாமுங்களா?"

"கேக்கலாம். உங்க புஸ்தகத்தைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்கப்படாது."

சென்னியப்பனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.



ஏன் போனது என்று சொல்ல வேண்டும்.

மடத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் அவர் தன் புத்தகத்தைத் திணித்திருந்தார். திணித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எதிரே வந்து நிற்பார்.

"எத்தனாவது பக்கமுங்க?"

அதற்கு மறுநாளும் அதே கேள்வி. காய்ச்சலில் படுத்த மாட்டை விசாரிக்கிற அதே அக்கறையோடு கேட்பார். மனிதர்கள் மாடு இல்லையே, தாங்கமாட்டார்கள்.

அதிகம் அவதிப்பட்டவர் தெய்வசிகாமணி. கல்லூரியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிட்டுத்தான் நகர்வார். பொட்டலம் பிரித்தால் கடலையைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தைப் படிக்கிற ஆசாமி. அப்படிப்பட்டவரே சென்னியப்பன் கொடுத்ததை வாங்கி வைத்த நாளிலிருந்து கிணற்றடிக்கு மாட்டுக் கட்டுத்தரையைச் சுற்றிக்கொண்டு போனார். ஒருமுறை எதிரே மாட்டிக்கொண்டு, "கண்ணுல பொரை விழுந்துருச்சுங்க, எழுத்தே தெரியறதில்லை" என்று சொல்லித் தப்பித்தார். அன்று சாயந்திரமே பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைத் தூணுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் பார்த்துவிட்டார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.



சொன்னபடி மறுநாள் படிப்பறையில் உட்கார்ந்தார்.

ஒரு அம்மாள் வந்து ஒல்லியான புத்தகம் ஒன்றை உருவினாள்.

"அதை எதுக்குங்க எடுத்தீங்க?"

"பஸ்ஸு வர்றதுக்குள்ள முடிச்சரலாமுங்க."

ஒரு பெரியவர் தடியான புத்தகத்தை எடுத்து, எடை பார்த்து, தலைக்கு வைத்துப் படுத்தார். அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி படித்துச் சிரித்தாள். மற்றவள் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தேடி அலமாரியைக் கலைத்தாள்.

"அது நல்ல புஸ்தகமுங்களா?"

"ஆருக்குத் தெரியுமுங்க? அவ சிரிக்கறா. எதுக்குன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா."

ஒருவர் பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினார். உள்ளே ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"ஏனுங்க நடுவுல இருந்து?"

"எவரோ இதுவரைக்கும் படிச்சுப்போட்டு நிறுத்தியிருக்கறாருங்க. ஏன் நிறுத்தினாருன்னு பாக்கறேன்."

இன்னொருவர் பெரிய புத்தகமாகப் பார்த்து எடுத்து, முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"சாமி, திருப்பிப் புடிங்க."

"உஷ். அந்தத் தூணுகிட்ட என்ர சம்பந்தி உக்காந்திருக்கறாரு."

ஒவ்வொருவரிடமும் சென்னியப்பன் கடைசியாக ஒன்று கேட்டார். "அதை ஆரு எழுதினதுங்க?" எல்லாரும் அதற்குப் பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். படுத்திருந்தவர் பார்க்கக்கூட இல்லை.

சாயந்திரம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். தாயம்மை கேட்டுக்கொண்டாள்.

"என்ன தெரிஞ்சுது சாமி?"

சென்னியப்பன் யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார்.

"என்ர அட்டை சரியில்லீங்க, தாயே."

தாயம்மை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.



அடுத்த வாரம் புது அட்டையோடு வந்தார்.

அட்டையில் ஒரு காளை இருந்தது. காளையின் கொம்புக்கிடையில் ஒரு பெண் அழுதாள். பெண்ணின் பின்னால் ரத்தம் சொட்டும் அரிவாள். மூலையில் ஒரு விமானம்.

"கதையில ஏரோப்ளேன் வருதுங்களா?" என்று கேட்டாள் தாயம்மை.

"இல்லீங்க. அந்த மூலை வெறுமனே இருக்குதுன்னு அச்சாபீஸ்காரர் போட்டுட்டாருங்க."

"அரிவா?"

"அதும் அவருதானுங்க."

அட்டையைப் புரட்டினால் அணிந்துரை. அது முடிந்தால் வாழ்த்துரை. பிறகு பாராட்டுரை. பிறகு ஒரு மருத்துவரின் ஆசியுரை. பெரிய மனிதர்கள் நாலு பேர் வரிசையாக நின்று கதையை மறைத்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் படிக்காமலே புகழ்ந்திருந்தது எழுத்திலேயே தெரிந்தது. பால் சங்கத்துத் தலைவர் மட்டும் மனசாட்சிக்குப் பயந்தவர். 'இந்தக் கவிதைத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்.

"இனிமே எடுப்பாங்களாங்க, தாயே?"

தாயம்மை புத்தகத்தைக் கையில் வாங்கினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு இடது கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அட்டையை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

சென்னியப்பன் கொள்ளி மிதித்தவர் போலத் துள்ளினார்.

அவள் நிறுத்தவில்லை. தலைப்பு இருந்த தாள் போனது. அணிந்துரை போனது. வாழ்த்துரை, பாராட்டுரை, ஆசியுரை எல்லாம் போயின. பின் அட்டையும் போனது. அதில்தான் அவருடைய படம் இருந்தது, கோட்டுப் போட்டு எடுத்தது.

கிழித்ததை எல்லாம் சமையல்காரி பழனாத்தாளிடம் நீட்டினாள். "அடுப்புப் பத்த வெக்க ஆகும்."

மீதியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்குப் போனாள். அங்கே மோர்ப்பானை வைக்கிற பெஞ்சு ஒன்று எப்போதும் ஆடும். குனிந்து, குட்டையான காலுக்கு அடியில் அதைச் செருகினாள். பெஞ்சைத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"தாயே!" சென்னியப்பன் பெஞ்சடியில் குனிந்தார். "அதுல என்ர பேரு இருக்குதுங்க."

"இருந்துச்சு," என்றாள் அவள்.



அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே படிப்பறைக்குப் போனார். அங்கே வைத்திருந்த தன் பிரதிகளை எல்லாம் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி பாவாத்தாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஏற்கெனவே கட்டிலுக்கடியில அதானுங்க இருக்குது. பீரோவுக்கு மேலயும் அதானுங்க இருக்குது. நான் எங்க இருக்கட்டும்?"

"இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். விஜயதசமி போகட்டும். எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடறேன்."

"நெசமாலுமா?"

அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவரைக் கொன்றுபோட்டது.

அதைச் சொல்லத்தான் மறுநாள் தாயம்மையிடம் போனார்.

"இன்னொரு கதை மண்டைக்குள்ள இருக்குதுங்க, தாயே. இதைவிடப் பெருசு. அந்தத் தரகனோட பொண்டாட்டி கதை. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கறேன். ஆனா பேனாவை எடுத்தாக் கை வர மாட்டேங்குது. மாட்டுக்கு ஊசி போட்டா மறுநாள் அது எந்திரிச்சு நிக்கும், இல்லைன்னாச் செத்துப்போகும். ஏதோ ஒண்ணு தெரிஞ்சுரும். புஸ்தகத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்க. ஒரே ஒருத்தர், நான் குடுக்காம, நான் கேக்காம, அவங்களா எடுத்துப் படிச்சாப் போதும். நான் அடுத்ததை எழுதுவேன். விஜயதசமி வரைக்கும் பாக்கறேன். இல்லைன்னா எழுத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடறேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அறுபது வயசு ஆள், மாட்டு உதைக்கெல்லாம் அழாதவர்.

தாயம்மை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நாளான்னைக்கு சரஸ்வதி பூஜை. ஓலைத் தோரணம் கட்ட ஆளு வேணும். வெள்ளனே வந்துருங்க."

இவளிடம் போய்ச் சொன்னோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.



சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தை எல்லாம் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் பூஜை பிரிக்கிறவரை யாரும் எதையும் படிக்கக் கூடாது. எழுதவும் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அதுதான். ஆனால் அன்றைக்குப் பார்த்துத்தான் எதையாவது படிக்க வேண்டும் என்று கண் பரபரக்கும். வருஷம் முழுக்கப் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காத ஆளுக்குக்கூட அன்று சோப்பு உறையைப் படிக்கத் தோன்றும்.

மடத்தில் அந்த வழக்கம் இன்னும் கடுமை. தாயம்மை எதையும் வெளியே விடமாட்டாள். அலமாரிகள் காலியாகி, கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள் கோபுரமாக ஏறின. செய்தித்தாள், பஞ்சாங்கம், மருந்துச் சீட்டு எல்லாம் போயின. சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைக் கழற்றி அதற்கும் பொட்டு வைத்தாள். மேலே ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி மணியடித்துக் கற்பூரம் காட்டினாள்.

சென்னியப்பன் கைகூப்பி நின்றபடி அந்தக் கோபுரத்தைக் கண்ணால் மேய்ந்தார். சமையல் குறிப்பு இருந்தது. தட்டச்சுப் பயிற்சி இருந்தது. ஓடாமல் கிடக்கிற மோட்டார் பம்பின் விளக்கக் கையேடு சந்தனத்தோடு உச்சியில் உட்கார்ந்திருந்தது.

அவருடையது இல்லை.

பூஜை முடிகிறவரை பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"தாயே, மோட்டாருப் புஸ்தகத்தைக்கூட வெச்சிருக்கறீங்க. என்ரதை வெக்கலையே?"

"எது?"

"பெஞ்சுக்கடியில இருக்குதுங்களே."

"அது பெஞ்சுக்கு அண்டக் குடுத்தது," என்றாள் தாயம்மை. "புஸ்தகத்தைத்தானே சாமி பூஜையில வெக்கறது?"

சென்னியப்பன் போய்க் கிணற்றுமேட்டில் உட்கார்ந்தார். யாரும் படிக்காததுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இப்போது அது புத்தகமே இல்லை என்றாகிவிட்டது. நாளைக் காலையில் பழைய பேப்பர்காரனை வரச்சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார். முடிவு கட்டியதும் நிம்மதி வரும் என்று நினைத்தார், வரவில்லை.

அங்கே உட்கார்ந்தபடி சிகாமணி படுகிற பாட்டைப் பார்த்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மனிதர் காலையிலிருந்து ஒரு எழுத்தும் கிடைக்காமல் கூண்டுப்புலி மாதிரி அலைந்தார். பாத்திரங்களைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த பேர்களைப் படித்தார். பிறகு கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, அதில் எழுதியிருந்த 'உபயம்' என்ற சொல்லையும் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் வாய்விட்டு வாசித்தார். அது தீர்ந்ததும் அடுத்த டியூப்லைட்டுக்குப் போனார். கடைசி டியூப்லைட்டில் ஒன்றும் எழுதவில்லை. அதன் கீழேயும் ரொம்ப நேரம் நின்றார்.



மத்தியானச் சாப்பாடு முடிந்தது. வந்தவர்கள் மோர் குடிக்கப் பெஞ்சடிக்குப் போனார்கள். திடீரென்று ஒரு சத்தம்.

பானை சாய்ந்து, பாதி மோர் விருந்துக்கு வந்த ஒரு ஒறம்பரைக்காரரின் புது வேட்டியில் கொட்டியிருந்தது.

பழனாத்தாள் கத்தினாள். "பெஞ்சுக் காலுக்கு வெச்சிருந்ததை எவரோ உருவிட்டுப் போயிட்டாங்க!"

கிணற்றுமேட்டில் இருந்த சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

முதலில் அடுப்படிக்குத்தான் ஓடினார். அடுப்பைக் கிளறிப் பார்த்தார். வெறும் விறகுச் சாம்பல். குப்பைக்குழியை எட்டிப் பார்த்தார். இல்லை. மாடு தின்றிருக்குமோ என்று கட்டுத்தரைக்கு வந்தார். மாடு காகிதம் தின்னும் என்பது அவருக்குத் தெரியாதா?

கட்டுத்தரைக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர். அதன் மறைவிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தார்.

தெய்வசிகாமணி தட்டுக்கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. மடியில் அட்டையில்லாத காகிதக் கட்டு ஒன்று. மேல் தாளில் பெஞ்சுக்காலின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது.

சென்னியப்பன் போரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்.

நிழல் விழவும் சிகாமணி திடுக்கிட்டு அதைத் துண்டால் மூடினார்.

"தாயம்மைகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அ... அது என்னதுங்க?"

"புஸ்தகம் இல்லீங்க. சத்தியமா இல்லை. அட்டை இல்லை, பேரு இல்லை, பூஜையிலயும் வெக்கலை. அண்டக் குடுத்திருந்த கட்டை மாதிரித்தானுங்க இது. கட்டையைப் பார்த்தாத் தோசமுங்களா?"

"பாக்கறீங்களா, படிக்கறீங்களா?"

"கண்ணு அதும்பாட்டுக்கு ஓடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். 'எத்தனாவது பக்கமுங்க' என்று உள்ளே ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். விழுங்கியபோது வேறொன்று வெளியே வந்துவிட்டது.

"நல்லா இருக்குதுங்களா?"

"ஒரு தரகன் வாரானுங்க பாருங்க, நெம்பப் பெரிய களவாணி. அவன் பேசறதைக் கேட்டா நமக்கே மாட்டை வித்துப்போடலாம்னு தோணுது. ஆனா நடுவுல மாட்டுக்குக் கோமாரி வந்துச்சுன்னு பக்கம் பக்கமா எழுதித் தள்ளியிருக்கறாரு. வைத்தியம், மருந்து, ஊசி... நான் தாண்டிட்டேன்."

அந்தக் கோமாரி அத்தியாயம்தான் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது. முப்பது வருஷத்து அனுபவம் அது. சென்னியப்பன் சிரிப்பது மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

"சரீங்க சாமி, இதை ஆரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? முன்னாடி தாளெல்லாம் போயிருச்சு."

வாழ்க்கையில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்க வேண்டும் என்று அவர் ஏங்கிய கேள்வி.

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. பேரைக் கேட்டதும் சிகாமணி காகிதக் கட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவார். கண்ணில் பொரை மறுபடி விழும். அந்தத் தரகன் பாதிச் சந்தையில் நின்றுவிடுவான்.

சொல்லாவிட்டால்? யாரோ எழுதியதாக அது போய்விடும். எத்தனையோ ராத்திரி கண் முழித்தது அவர். பேர் எவனுக்கோ.

"இருங்க, வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடினார். அறுபது வயசில் அப்படி ஓடக் கூடாது.



தாயம்மை பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்தாள்.

"தாயே, படிக்கறாரு!"

"ஆரு?"

"சிகாமணி! தட்டுப்போருக்குப் பின்னால. நான் குடுக்கலீங்க. நான் கேக்கலீங்க. அவரா உருவிட்டுப் போயிருக்கறாரு. சிரிக்கறாருங்க, தாயே. வாய்விட்டுச் சிரிக்கறாரு!"

"சரி."

"ஆரு எழுதினதுன்னு கேட்டாரு. சொல்லிப்போடட்டுங்களா?"

தாயம்மை ஒரு பிடி பொரியை வாயில் போட்டு மென்றாள். மென்று முடிகிறவரை சென்னியப்பன் ஒற்றைக்காலில் நின்றார்.

"அங்க எத்தனை பேரு இருக்கறாங்க?"

"சிகாமணி ஒருத்தர்தானுங்க."

"நல்லா எண்ணினீங்களா?"

"ஒரு ஆளை எண்ணறதுக்கு என்னங்க இருக்குது?"

"போயி மறுக்கா எண்ணிப் பாருங்க சாமி."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வெல்லத்தை உடைக்கத் திரும்பிவிட்டாள்.



சென்னியப்பன் இந்த முறை ஓடவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கன்று போட்டிருக்கிற மாட்டை நெருங்குகிற மாதிரி மெதுவாகப் போனார்.

சிகாமணி இடம் மாறியிருந்தார். வெயில் நகர்ந்ததால் அவரும் நகர்ந்திருக்கிறார். சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, தாளுக்குள்ளேயே விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அட கூறுகெட்டவனே, அவன் பேச்சை நம்பாதடா," என்றார் திடீரென்று.

சென்னியப்பன் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பின்வாங்கினார். இல்லை. அது குடியானவனுக்குச் சொன்னது.

"டேய் தரகா, உனக்கு நல்ல சாவு வராதுடா."

பக்கம் புரண்டது.

"அந்தப் புள்ளை வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா என்னவாமா? குத்துக்கல்லாட்ட நிக்கறா பாரு."

அது தரகனின் மனைவி. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவளை எழுதியபோது சென்னியப்பனுக்கே அவள் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று தெரிந்திருக்கவில்லை.

தாயம்மை எண்ணச் சொல்லியிருக்கிறாள். விரலை மடக்கி எண்ணினார். சிகாமணி ஒன்று. குடியானவன். தரகன். தரகன் பொண்டாட்டி. காளையையும் சேர்த்தால் ஐந்து. மறுபடி எண்ணினார். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவரும் இல்லை.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். பாதி திரும்பவும் திரும்பினார். ஆனால் ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய மனிதன். கோட்டுப் போட்டுப் படம் எடுத்து, அதையும் அடுப்புக்குக் கொடுத்தவன். எவ்வளவுதான் தாங்குவான்?

கிட்டே போய் நின்றார்.

"சாமி," என்றார். "அதை எழுதினது நாந்தானுங்க."

சிகாமணி நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, ஈ ஓட்டுகிற மாதிரி அவரை ஓட்டினார்.

"சித்தெ பேசாம இருங்க சாமி. நல்ல எடத்துல இருக்கறேன்."